ஆராய்ச்சி மணியும் அடிப்பவர் காவலும்

(இளமறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிய ஆராய்ச்சி மணியின் கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். கன்றை இழந்த பசு கயிற்றை இழுத்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். இக்கதையில் அரசனின் நீதியையே நாம் எப்போதும் போற்றுகிறோம். மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் நலம். மணியடிக்க வந்த பசுவை வாயிற்காவலர் விரட்டவில்லை. குற்றம் புரிந்தவன் இளவரசன் என்பதற்காக மணியின் நாவை எவரும் கட்டிவைக்கவுமில்லை. மணியடித்த உயிர் பத்திரமாக வீடு திரும்பியது.

ஊழலைக் கண்டவர் அதனை உரிய இடத்தில் எடுத்துரைப்பதும் இவ்வாறு மணியடிப்பதே ஆகும். ஆங்கிலத்தில் இத்தகையோரை ‘விசில் புளோயர்’ என்பர். நாம் ‘முறைகேட்டை வெளிப்படுத்துவோர்’ எனலாம். ஊழலை ஒழிக்க இவர்கள் கருவியாக முடியுமா, முடியுமெனில் எப்போது முடியும் என்பதை என் சிற்றறிவுக்கு எட்டியவரை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

உள்ளிருப்போரே அறிவர்

வீட்டில் களவு போனால் வீட்டுக்காரர் கூக்குரலிடுவார். பொதுப்பணம் களவு போனால் கூக்குரலிடுபவர் யார்? சாலையில் ஜல்லியின் கனம் குறைந்திருப்பது அதன்மேல் பேருந்தில் செல்லும் நமக்குத் தெரியாது. அளவுப் புத்தகத்தில் கையொப்பமிடும் பொறியாளருக்குத் தெரியும். மருந்தின் சோதனை முடிவு பொய்யென்பது நோயாளிக்குத் தெரியாது. சோதனைக்கூடத்தில் இருப்பவருக்குத் தெரியும். ஆகவே உள்ளிருப்பவர் வாய் திறந்தாலன்றி ஊழல் வெளிவருவது அரிது.

இதனை நம் முன்னோரும் உணர்ந்திருந்தனர். அரசுப் பணம் கையாடப்படுவதைத் தெரிவித்து மெய்ப்பிப்பவருக்கு அத்தொகையில் ஆறில் ஒரு பங்கு பரிசென்றும், தெரிவிப்பவர் அரசு ஊழியரானால் பன்னிரண்டில் ஒரு பங்கென்றும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. மெய்ப்பிக்கத் தவறினால் தண்டனையும் உண்டு. அமெரிக்க நாட்டில் 1863ஆம் ஆண்டிலேயே இத்தகைய பங்கு அளிக்கும் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் பயனை ஓர் இந்தியர் அண்மையில் உலகுக்குக் காட்டினார். ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தில் பணிபுரிந்த தினேஷ் தாக்கூர், அங்கே சோதனை விவரங்கள் பொய்யாகப் புனையப்படுவதைக் கண்டு வெளிப்படுத்தினார். 2013ஆம் ஆண்டில் அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. ஆய்வேட்டில் பொய் எண் எழுதுவது எத்துணைப் பெரிய குற்றம் என்பதை அறிவியல் மாணவராகிய நாம் இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

கசிந்த பெயர்

இனி நம் நாட்டுக்கு வருவோம். சத்யேந்திர துபே என்பவர் பீகார் மாநிலச் சிற்றூர் ஒன்றில் எளிய குடும்பத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்றவர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் சேர்ந்து, தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் ஜார்க்கண்ட் பகுதியில் பணியாற்றினார். அங்கு நடந்த முறைகேடுகளை விவரித்து 2002 நவம்பரில் பிரதமருக்கு மடல் எழுதினார். தம் பெயரை மறைவாக வைக்குமாறு அம்மடலிலேயே வேண்டிக்கொண்டார். ஆயினும் மடல் அவர் பெயருடனேயே அலுவலகம் அலுவலகமாகச் சென்றது. 2003 நவம்பர் 27 அன்று கயை நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான்.

வழிப்பறியின்போது நேர்ந்த கொலை என்பது சி.பி.ஐ. கண்ட முடிவு, 2010இல் மூவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அம்முடிவை அவர் குடும்பத்தார் ஏற்கவில்லை. கொலையின் காரணம் எதுவாயினும், மறைக்கச் சொன்ன பெயர் மறைக்கப்படவில்லை என்பது மறுக்க முடியாத உண்மை.

நாடெங்கும் எழுந்த கொதிப்பின் பயனாக, 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதும் புகாரில், எழுதியவரின் பெயர் மறைவாக வைக்கப்படும். உறையின் மேல் பெயரையும் முகவரியையும் எழுதக் கூடாது. அவை உள்ளே உள்ள மடலில் இருக்க வேண்டும். பெயரே இல்லாத மொட்டைக் கடிதங்களை ஆணையம் ஏற்பதில்லை. நம் திருச்சியில் பெல் நிறுவனம், பொன்மலை ரயில்வே பணிமனை, துப்பாக்கித் தொழிற்சாலை, அரசுடைமை வங்கிகள் போன்ற மத்திய அரசு சார்ந்த இடங்களைப் பற்றிய புகாருக்கே இவ்வழி பொருந்தும். மாநில அரசு அலுவலகங்களுக்கு இது பொருந்தாது.

பின்னர் 2014ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டமே நிறைவேறியது. புகார் தருபவரின் பெயரை வெளியிடுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றும், தீய நோக்குடன் பொய்ப் புகார் தருவோருக்கு இரண்டாண்டு வரை சிறை என்றும் அது கூறுகிறது. இருபுறமும் நியாயம் காக்கும் நல்ல சட்டமே. ஆனால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றும் அச்சட்டம் இன்றளவும் நடைமுறைக்கு வரவில்லை. மணி வார்த்தாயிற்று, அதனைத் தொங்கவிடத்தான் ஆளில்லை!

நம் மண்ணில்

தாமிரபரணிக் கரையில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாடு கோவில்பத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர் லூர்து பிரான்சிஸ். ஆற்று மணல் கடத்தலைப் பற்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். 2023 ஏப்ரல் 25 அன்று பட்டப்பகலில், தம் அலுவலகத்திலேயே அரிவாளால் வெட்டப்பட்டு உயிர் துறந்தார். கொலையாளிகள் இருவருக்கும் ஐந்து மாதங்களுக்குள் ஆயுள் தண்டனை கிடைத்தது பாராட்டுக்குரியது. எனினும் தண்டனை விரைந்து வந்ததைப் போலக் காவலும் விரைந்து வந்திருந்தால், ஒரு குடும்பம் தலைவனை இழந்திராது.

நம் அண்டை மாவட்டமாகிய புதுக்கோட்டையில், திருமயம் பகுதிக் கல்குவாரிகளின் முறைகேடுகள் பற்றிப் புகார் அளித்து வந்த ஜகபர் அலி 2025 ஜனவரி 17 அன்று லாரி மோதி இறந்தார். அது கொலை வழக்காகப் பதியப்பட்டு சி.பி.சி.ஐ.டி.யிடம் ஒப்படைக்கப்பட்டது.

துபேயின் நிலையும் பிரான்சிஸின் நிலையும் ஒன்றல்ல என்பதை நோக்குக. துபே பெயரை மறைக்க விரும்பினார், மறைத்திருக்கவும் முடியும். பிரான்சிஸோ தம் பதவிக் கடமையாகப் பெயரிட்டே புகார் தர வேண்டியவர். முன்னவருக்கு வேண்டியது இரகசியம். பின்னவருக்கு வேண்டியது காவல். இவ்விரண்டில் ஒன்று மட்டும் போதாது.

சோதனைக் குழாய் சொல்லும் சாட்சி

புகார் தருபவர் மீது விழும் சுமையைக் குறைக்க மற்றொரு வழியும் உண்டு. அவர் சொல் ஒன்றையே நம்பியிராமல் வேறு சான்றுகளைத் திரட்டுவதே அது. இதற்கு நம் வேதியியல் கைகொடுக்கிறது.

தமிழகத்தில் 1964 முதல் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் இயங்கி வருகிறது. அலுவலர் ஒருவர் லஞ்சம் கேட்டால், கேட்கப்பட்டவர் முதலில் அங்கே புகார் தருகிறார். அவர் கொண்டுவரும் ரூபாய்த் தாள்களின் எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின்மீது பினாப்தலீன் தூளைத் தடவுகின்றனர். வேறு துறைகளைச் சேர்ந்த அரசு ஊழியர்கள் சாட்சிகளாக உடன் வருகின்றனர். பணத்தை வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தவுடன், நிறமற்ற கரைசல் இளஞ்சிவப்பாகிறது. தரம்பார்த்தல் சோதனையில் கூம்புக் குடுவையில் நாம் நாள்தோறும் காணும் அதே நிறம்! காரத்தில் மட்டும் நிறம் காட்டும் இந்த நிலைகாட்டி, பதவியையும் செல்வாக்கையும் பார்ப்பதில்லை.

ஆனால் நிறம் மாறியது பணத்தைத் தொட்டதற்கே சான்று. லஞ்சம் கேட்டதையும் தனியே மெய்ப்பிக்க வேண்டும். புகார் தந்தவர் வழக்கு முடியுமுன் இறந்தாலோ, அச்சத்தால் பிறழ் சாட்சியானாலோ என் செய்வது? 2022 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, நீரஜ் தத்தா வழக்கில் இதற்கு விடை கூறியது. அத்தகைய நிலையிலும் பிற சாட்சிகளாலும் சூழ்நிலைச் சான்றுகளாலும் குற்றத்தை மெய்ப்பிக்கலாம் என்பதே அத்தீர்ப்பு. புகார் தந்தவரின் வாயை அடைத்தால் வழக்கும் அடங்கிவிடும் என்னும் எண்ணத்துக்கு விழுந்த நல்ல அடி இது.

மற்றொரு செய்தியையும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றமே. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் உரிய துறையிடம் தெரிவித்தால் அவர் மீது குற்றமில்லை. முன்னரே தெரிவித்துவிட்டு, பிடித்துக் கொடுப்பதற்காகப் பணம் தருபவர் மீதும் குற்றமில்லை.

நமக்கென்ன?

இவையெல்லாம் பெரிய இடத்துச் செய்திகள், நமக்கென்ன என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தையார் மூட்டை தூக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நான் சேர்வதற்கு வருமானச் சான்றிதழ் ஒன்று தேவைப்பட்டபோது, ஓர் அலுவலகத்தில் இரண்டு நாள் கூலி அளவுக்குப் பணம் கேட்டார்கள். புகார் செய்யலாமே என்று நான் சொன்னேன். “நாளைக்கும் அதே ஜன்னல்லதானேப்பா போய் நிக்கணும்?” என்றார் தந்தையார். அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அவர் கோழையல்லர். மணியடித்தவரை யார் காப்பார் என்பதே அவர் கேள்வி. அதே கேள்விதான் நாடெங்கும் பலரது வாயைக் கட்டியிருக்கிறது.

இன்று ஜன்னலுக்கு வெளியே நிற்கும் நாம், நாளை உள்ளே அமரப் போகிறோம். மன்னார்புரத்திலிருந்து நம்மோடு நடந்து வரும் நண்பர்களில் பலர் தேர்வாணையத் தேர்வுக்குப் படித்து வருகின்றனர். அவர்களுள் ஒருவர் கிராம நிர்வாக அலுவலராகலாம். ஒருவர் மருந்து ஆய்வாளராகலாம். உள்ளே சென்றபின் ஒரு மனிதரின் புகார் நம் மேசைக்கு வந்தால், அதிலுள்ள பெயரைப் பக்கத்து மேசைக்குச் சொல்லாதிருப்பதே நாம் செய்யக்கூடிய முதல் தொண்டு. அதற்குத் துணிச்சல்கூடத் தேவையில்லை, நாவடக்கம் போதும்.

முடிவுரை

முறைகேட்டை வெளிப்படுத்துவோர் ஊழலை ஒழிக்கும் கூரிய கருவியே. ஆனால் பிடியில்லாத அரிவாள் பிடித்தவர் கையையே அறுக்கும். பெயர் காத்தல், உயிர் காத்தல், சான்று திரட்டல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அக்கருவியின் பிடி. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதும், மாநில ஊழியர்க்கும் பொதுமக்களுக்கும் இத்தகைய காவலை உறுதி செய்வதும் ஆள்வோர் கடமை. அவற்றைக் கேட்டுப் பெறுவது கற்றோர் கடமை. துணிந்தவர் சிலரை மட்டும் நம்பியிருக்கும் நீதி நெடுநாள் நிலைக்காது. அஞ்சுபவரும் வந்து அடிக்கக்கூடிய மணியே ஆராய்ச்சி மணி.