கெட்ட பெயரை மாற்றிய கார் கம்பெனி



12-ஆம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு பாடம் வரும். ஒரு வியாபாரத்துக்கு இருக்கும் நல்ல பெயரும் ஒரு சொத்துதான். கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது, ஆனாலும் ரூபாயில் மதிப்புப் போடலாம் என்று அதில் படிக்கிறோம். சார் அந்தப் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்ச் நண்பன் ஒருவன் எழுந்து, "சார், கெட்ட பேர் இருந்தா அதை எந்தப் பக்கம் எழுதறது?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு, "நல்ல கேள்விதான்டா. கெட்ட பேரை மாத்திக்கிட்ட கம்பெனி ஏதாவது இருக்கான்னு தேடி, யாராவது சுவரிதழ்ல எழுதுங்க" என்றார்.

நான் கை தூக்கினேன். கெட்ட பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு சொந்த அனுபவமும் உண்டு. அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

துறைமுகத்தில் நிற்கும் கார்கள்

காசிமேட்டிலிருந்து கடலைப் பார்த்தால் சில நாள் ஜன்னலே இல்லாத பெரிய பெட்டி மாதிரி ஒரு கப்பல் நிற்கும். அது கார் கப்பல். 'ரோ-ரோ' கப்பல் என்பார்கள். கிரேன் வைத்துத் தூக்க வேண்டியதில்லை. டிரைவர்கள் ஒவ்வொரு காராக ஓட்டிக்கொண்டே கப்பலுக்குள் போய் நிறுத்திவிட்டு வருவார்கள். நம் சென்னைத் துறைமுகம் வழியாகப் பல வருடங்களாக இப்படி வெளிநாடு போகும் கார்களில் நிறைய ஹூண்டாய் கார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்தவை. 2010-ல் இந்தக் கம்பெனி இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்த கார்கள் 10 லட்சத்தைத் தொட்டன. 2020-ல் அது 30 லட்சம்.

இவ்வளவு நாடுகள் வாங்குகிறதே, ஆரம்பத்திலிருந்தே நல்ல பெயர்தான் போல என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் கதையே வேறு!

பெயர் கெட்டது எப்படி?

ஹூண்டாய் மோட்டார் 1967-ல் தென்கொரியாவில் தொடங்கிய கம்பெனி. 1986-ல் 'எக்செல்' என்ற சின்னக் காரை அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தார்கள். விலை 4,995 டாலர். அங்கே அப்போது கிடைத்த மிக மலிவான புதிய கார்களில் இதுவும் ஒன்று. முதல் வருடமே 1,68,882 கார்கள் விற்றன. புதிதாக உள்ளே வந்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு அது பெரிய சாதனை.

சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. வாங்கியவர்கள் ஒவ்வொருவராக ஒர்க்‌ஷாப் போக ஆரம்பித்தார்கள். எஞ்சினில் கோளாறு, கியர் பெட்டியில் கோளாறு, உடம்பில் துரு. 'விலை கம்மி, அதான் இப்படி' என்று ஊரே பேசியது. 1998-ல் அமெரிக்காவில் விற்றது ஏறத்தாழ 90,000 கார்கள்தான். 12 வருடத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் மிச்சம்.

அதைவிட மோசம், கம்பெனியின் பெயரே நகைச்சுவை ஆகிவிட்டது. அதே 1998-ல் டேவிட் லெட்டர்மன் என்பவரின் டிவி நிகழ்ச்சியில் ஒரு ஜோக். விண்வெளியில் இருக்கும் வீரர்களைப் பயமுறுத்தணும் என்றால், விண்கலத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஹூண்டாய் சின்னத்தை ஒட்டி வைத்தால் போதுமாம்! ஒரு பொருளைத் திட்டினால் சரிசெய்துவிடலாம். அதைப் பார்த்து ஊரே சிரிக்க ஆரம்பித்தால் என்ன செய்வது?

வேலை 1: தப்புக்குத் தானே செலவு செய்வது

1998-ல் ஹூண்டாய் அமெரிக்காவில் ஒரு உத்தரவாதத்தை அறிவித்தது. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் 10 வருடம் அல்லது 1 லட்சம் மைல், அதாவது சுமார் 1,60,000 கிலோமீட்டர். புதுக் காராக வாங்கிய முதல் ஆளுக்கு, இதற்குள் பழுது வந்தால் கம்பெனியே செலவு செய்து சரிசெய்யும். மற்ற பல கம்பெனிகள் 3 வருடம், 5 வருடம் என்று கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

இது வெறும் விளம்பரம்தானே என்று நானும் முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு ஒன்று புரியும். 10 வருட உத்தரவாதம் கொடுத்த கம்பெனி, அந்தச் செலவுக்கு இப்போதே 'ஒதுக்கு' வைக்க வேண்டும். மோசமான எஞ்சின் செய்தால் அந்தச் செலவு கம்பெனியையே முழுங்கிவிடும். அதுவரை எஞ்சின் கெட்டுப்போனால் கஷ்டம் வாங்கியவருக்கு. இனி கஷ்டம் செய்தவருக்கு. அதனால் நல்ல எஞ்சின் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. தன் கழுத்தில் தானே கத்தி வைத்துக்கொண்ட மாதிரி.

வேலை 2: தொழிற்சாலைக்குள் போவது

1999-ல் சுங் மோங்-கூ தலைமைப் பொறுப்புக்கு வந்தார். கம்பெனியைத் தொடங்கியவரின் மகன். அதற்கு முன் பல வருடம் ஹூண்டாயின் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். அதனால் எந்தக் கார் எதற்காகத் திரும்பி வருகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். கொரியாவில் உல்சான் தொழிற்சாலைக்குப் போனவர், ஒரு காரின் பானெட்டைத் திறக்கச் சொன்னாராம். உள்ளே ஒயர்கள் தொங்கின, குழாய்கள் சிக்கிக் கிடந்தன, போல்ட்டுகள் ஆளுக்கொரு நிறம். எல்லா போல்ட்டும் கறுப்பாக இருக்கணும், உள்ளே ஒழுங்காக இல்லாத ஒரு காரும் வெளியே போகக் கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டார்.

போல்ட்டின் நிறம் மாறினால் கார் நன்றாக ஓடுமா? ஓடாது. ஆனால் வாங்குபவர் பார்க்காத இடத்திலும் ஒழுங்கு வேணும் என்று வேலை செய்பவர்களுக்குப் புரிந்தது. தரத்தைப் பார்க்கவே தனிப் பிரிவை வளர்த்தார்கள். டொயோட்டா அளவுக்கு வரணும் என்பது இலக்கு. அப்போது அதைக் கேட்டுப் பலர் சிரித்திருப்பார்கள்.

பலன் என்ன?

அமெரிக்காவில் ஜே.டி. பவர் என்ற நிறுவனம் வருடா வருடம் ஒரு கணக்கெடுப்பு செய்கிறது. புதுக் கார் வாங்கி 90 நாளுக்குள் என்னென்ன குறை வந்தது என்று வாங்கியவர்களையே கேட்பார்கள். 100 கார்களுக்கு எத்தனை குறை என்று கணக்கு. எண் குறைந்தால் நல்லது.

1998: ஹூண்டாய் – 272 குறைகள்
2004: ஹூண்டாய் – 102 குறைகள்

2004-ல் எல்லாக் கார்களின் சராசரி 119. கம்பெனிகளின் பட்டியலில் டொயோட்டா 101. ஹூண்டாயும் ஹோண்டாவும் சமமாக 102-ல் இரண்டாம் இடம். அந்த வருடம் ஹூண்டாய் அமெரிக்காவில் 4 லட்சம் கார்களுக்கு மேல் விற்றது. 2009-ல் அதன் 'ஜெனிசிஸ்' கார், வட அமெரிக்காவின் அந்த ஆண்டுக்கான சிறந்த கார் விருதை வாங்கியது.

272-லிருந்து 102-க்கு வர 6 வருடம். எக்செல் வந்த நாளிலிருந்து எண்ணினால் 18 வருடம். இங்கே படிக்கும் நம்மில் பலருக்கு இன்னும் அந்த வயசே ஆகவில்லை!

நம்ம ஊர்ப் பக்கம்

இந்தியாவில் ஹூண்டாய் கம்பெனி 1996-ல் பதிவானது. இருங்காட்டுக்கோட்டையில் செய்த 'சான்ட்ரோ' 1998 செப்டம்பரில் வந்தது. அமெரிக்காவில் 10 வருட உத்தரவாதம் அறிவித்த அதே வருடம். அங்கே கெட்ட பெயர்; இங்கே பெயரே தெரியாது. உயரமாக நிமிர்ந்து நின்ற சான்ட்ரோவின் உருவத்தையும் பலர் கிண்டல் செய்தார்கள்.

அதன் விளம்பரம் புத்திசாலித்தனமானது. கொரியக் கம்பெனிக்காரர் நடிகர் ஷாருக்கானைத் தேடி வருவார். அவர் உடனே தலையாட்ட மாட்டார். கம்பெனியைப் பற்றியும் காரைப் பற்றியும் கேள்வி கேட்பார். ஜனங்கள் மனசில் இருந்த சந்தேகத்தை மறைக்காமல் விளம்பரத்திலேயே வைத்துவிட்டார்கள். விளம்பரம் கடைக்கு வரவைக்கும். வண்டி ஓடினால்தான் அடுத்த வீட்டுக்காரரும் வாங்குவார். சான்ட்ரோ ஓடியது. 2007-ல் வந்த ஐ10 காரை முதலில் நம் தமிழ்நாட்டிலேயே செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள்.

என் மாமாவின் லேத் பட்டறை

இப்போது என் கதை. என் தாய்மாமா காலடிப்பேட்டைப் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஜாப் ஒர்க்தான். 10-ஆம் வகுப்பு லீவில் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கொடுத்த வேலை, கன்மெட்டல் புஷ்ஷில் எண்ணெய் போக இருக்கும் சின்ன ஓட்டையை அரத்தால் சுத்தம் செய்வது. ஓட்டை போட்டதும் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை எடுத்துவிட்டு எண்ணிப் பெட்டியில் போடணும்.

ஒரு நாள் சாயந்திரம் கிரிக்கெட் மேட்ச். 300 புஷ்ஷில் கடைசி 40, 50-ஐ அரமே போடாமல் பெட்டியில் போட்டுவிட்டு ஓடிவிட்டேன். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி பளபளன்னுதான் இருந்தது.

பத்து நாளில் மொத்த லாட்டும் 'ரிஜெக்ட்' என்று திரும்பி வந்தது. பிசிறு உரசி அவர்களுடைய ஷாஃப்டில் கோடு விழுந்துவிட்டது. மாமா என்னை அடிக்கவில்லை. "பத்து வருசமா ஒரு புஷ் திரும்பி வந்ததில்லடா" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மாமா நேராகப் போய், "தப்பு என் பட்டறையிலதான் சார்" என்று சொன்னார். என் பேரைச் சொல்லவில்லை. 300-ஐயும் திரும்பப் பார்த்துக் கொடுத்தார். கோடு விழுந்த ஷாஃப்டுக்கும் காசு கொடுத்தார். "இனிமே ஒண்ணு திரும்பி வந்தா பத்து புதுசா தர்றேன்" என்று வாக்கும் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டையிலும் பஞ்சு விட்டு இழுத்துப் பார்ப்பார். பிசிறு இருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும். எட்டு மாசம் கழித்து ஆர்டர் திரும்பி வந்தது. அதுவும் பாதிதான். மீதிப் பாதி வேறு பட்டறைக்குப் போனது போனதுதான்.

அவ்வளவு பெரிய கம்பெனியிலும் பிசிறு

ஹூண்டாய் கதை 2004-லேயே சுபமாக முடிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மை இல்லை. 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தார்கள். காரணத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டில் எண்ணெய் ஓட்டை போடும்போது வந்த உலோகத் துணுக்குகளைச் சரியாக எடுக்கவில்லை. அவை எண்ணெயை அடைத்தால் பேரிங் தேயும். ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடலாம். கிட்டத்தட்ட நான் செய்த அதே தப்பு!

பிறகும் பிரச்சினை முடியவில்லை. 2016-ல் ஹூண்டாயிலேயே வேலை பார்த்த ஒரு பொறியாளர், கம்பெனி இதைச் சரியாகக் கையாளவில்லை என்று அமெரிக்க அரசிடம் சொன்னார். திரும்ப அழைக்கத் தாமதம் செய்ததற்காக 2020 நவம்பரில் ஹூண்டாய் 14 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. அதில் ஒரு பகுதியைப் பாதுகாப்பு வேலைகளுக்கே செலவழிக்கணும் என்று நிபந்தனை. உண்மையைச் சொன்ன பொறியாளருக்கு அமெரிக்க அரசு 2021-ல் 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தது.

தப்பு வருவது எந்தப் பட்டறையிலும் நடக்கும். 1998-ல் தப்பின் செலவைத் தானே ஏற்றுக்கொண்டபோது பெயர் வளர்ந்தது. பின்னால் தப்பைச் சொல்லத் தயங்கியபோது அதே பெயர் அடிபட்டது. கம்பெனி ஒன்றுதான்.

நண்பனின் கேள்விக்கு என் பதில்

கெட்ட பெயருக்கு என்று தனிக் கணக்கு கிடையாது. ஆனால் அது பற்றுப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும். 'விற்பனைத் திருப்பம்' என்று வரும், 'பழுதுச் செலவு' என்று வரும், 'அபராதம்' என்று வரும். என் மாமாவின் நோட்டில் '300 புஷ் ரிட்டன்' என்று இருக்கிறது. அது என் கெட்ட பெயர். இன்றைக்கு இந்தச் சுவரில் எழுதிவிட்டேன்.

இந்த லீவிலும் பட்டறைக்குப் போகிறேன். பஞ்சு விட்டுப் பார்க்கும் வேலையை மாமா எனக்கே கொடுத்திருக்கிறார்.

சிந்திக்க:
1. உத்தரவாதம் கொடுப்பதால் வாங்குபவருக்கு லாபமா, செய்பவருக்கு லாபமா?
2. நம் ஏரியாவில் பெயர் கெட்டு மீண்டு வந்த கடையோ பட்டறையோ உங்களுக்குத் தெரியுமா? (கடை பெயர் வேண்டாம்!)

பதிலைத் தாளின் கீழே பென்சிலால் எழுதலாம். தாளை மட்டும் கிழிக்காதீர்கள்.



– 12-ஆம் வகுப்பு, வணிகவியல் பிரிவு மாணவன்