நாசி லெமாக்கில் சோற்றைக் காணோமே, ஏன்?

கேள்வி: கோலாலம்பூரில் ஒரு நவீன உணவகத்துக்கு மகன் என்னை அழைத்துப் போனான். பெரிய தட்டின் நடுவில் இரண்டு வாய்க்குக் காணாத எதையோ வைத்து, இதுதான் நாசி லெமாக் என்றார்கள். சோறே இல்லை! ருசியைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் கேட்கிறேன்: நன்றாக இருக்கிற மலேசியச் சாப்பாட்டை ஏன் இப்படி மாற்றுகிறார்கள்? வெள்ளைக்காரர் சமையலில் சம்பாலைத் தடவி விலையை ஏற்றும் வித்தைதானே இது?
– ஒரு வாசகி, கிள்ளான்

பதில்: அம்மா, உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். நீங்கள் சொல்லும் வித்தையைச் செய்கிற கடைகளும் உண்டு. ஆனால் அவற்றை வைத்து எல்லாரையும் எடைபோட்டால், மெனக்கெட்டு உழைக்கும் சமையற்காரர்கள் பாவம்!

முதலில், பாரம்பரியச் சமையல் மாறாதது என்ற எண்ணத்தைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். மிளகாய் இல்லாத சம்பாலை நம்மால் நினைக்க முடியுமா? அந்த மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்த காலத்துக்குப் பிறகே இந்த வட்டாரத்தில் வேரூன்றியது. அதற்கு முன்பு காரத்துக்கு மிளகையும் இஞ்சியையும்தான் நம்பியிருந்தார்கள். பினாங்கின் நாசி கண்டார், தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் தண்டு வைத்துச் சோறும் குழம்பும் சுமந்து விற்றதில் பிறந்தது. சீனக் குடியேறிகளின் சமையலும் மலாய் மசாலாவும் கலந்து உருவானது ஞோஞா சமையல். ஆக, இந்த நாட்டு அடுப்பு மாற்றத்துக்குப் பழகியது.

சரி, இப்போது மாற்றுவதற்கு என்ன தேவை? காரணம் நீங்கள் தேடிய சோறுதான். மலாய்ச் சாப்பாடு சோற்றை நடுவில் வைத்துக் கட்டப்பட்டது. சம்பாலின் உப்பும் காரமும், குலாய்க் குழம்பின் கொழுப்பும் சோற்றோடு பிசைந்து உண்பதற்கான அளவில் இருக்கும். தனியாக ஒரு கரண்டி சம்பாலை வாயில் போட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். நீங்கள் போன வகை உணவகமோ 'டேஸ்டிங் மெனு' பரிமாறுகிறது. அதாவது, பத்துப் பன்னிரண்டு சிறு வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் விருந்து. ஒவ்வொன்றிலும் சோறு வைத்தால் மூன்றாவது தட்டிலேயே வயிறு நிறைந்துவிடும். சோற்றைக் குறைத்தால் உப்பு, காரம், புளிப்பு எல்லாவற்றையும் புதிதாக அளந்தாக வேண்டும். உருவம் மாறுவது இந்தக் கணக்கினால்தான்.

அடுத்த கேள்வி, எதை விடாமல் காப்பாற்றுவது? இங்கேதான் நல்ல சமையற்காரர் தனித்துத் தெரிவார். பெலாச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். பொடி இறாலை உப்பிட்டு, உலர்த்தி, இடித்துப் புளிக்க வைத்தது அது. புளிக்கும்போது புரதம் உடைந்து குளூட்டமேட் வெளிப்படுகிறது. நாக்கில் நின்று நிலைக்கும் 'உமாமி' என்ற ஐந்தாம் சுவையைத் தருவது அதுதான். டுரியான் சதையை உப்பிட்டுப் புளிக்க வைத்த தெம்போயாக்கில் புளிப்பு வருவது, தயிரை உறைய வைப்பதற்கு உறவான நுண்ணுயிர்களால். நாசி லெமாக்குக்கு உயிர் தேங்காய்ப்பாலும் பாண்டான் இலை மணமும். இந்த அடிப்படைகளை வைத்துக்கொண்டு சோற்றை மெல்லிய அப்பளமாக்கினாலும் கூழாக்கினாலும் நாக்கு அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

அடிப்படை தெரியாமல் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும்? 2018இல் பிரிட்டனின் மாஸ்டர்செஃப் போட்டியில், கோழி ரெண்டாங்கின் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர்கள் குறை சொன்னார்கள். மலேசியாவில் பிறந்த போட்டியாளர் வெளியேற நேர்ந்தது. மலேசியா, இந்தோனேசியா இரண்டும் ஒரே குரலில் கொதித்தன. ரெண்டாங் மெல்ல வற்றவைக்கும் பண்டம். இறைச்சி முதலில் தேங்காய்ப்பாலில் வேகிறது. நீர் வற்றி எண்ணெய் பிரிந்ததும் அதே எண்ணெயில் பழுப்பேறுகிறது. மொறுமொறுப்பு அதன் இலக்கணத்திலேயே இல்லை.

விலை விஷயத்துக்கு வருகிறேன். 2015இல் சமையற்காரர் டேரன் தியோ தொடங்கிய 'டெவாகான்' உணவகம் மலேசிய மண்ணிலும் காட்டிலும் கடலிலும் விளைவதையே முன்னிறுத்துகிறது. பூண்டு மணம் வீசும் குலிம் போன்ற காட்டுக் காய்கள் சந்தையில் கூறு கட்டிக் கிடைப்பவை அல்ல. ஞோஞா வீடுகளில் பழகிய கெலுவாக் கொட்டையில் சயனைடு நச்சு உண்டு. வேகவைத்து, சாம்பலோடு மண்ணில் சுமார் 40 நாள் புதைத்து நச்சை நீக்குவது பழைய முறை. பிறகுதான் கொக்கோவை நினைவூட்டும் அதன் கசப்பை ருசிக்க முடியும். தேடுவதற்கும் பக்குவப்படுத்துவதற்கும் ஆகும் கூலி, குறைந்த இருக்கைகளின் மேல் விழுகிறது. தட்டின் அழகுக்கும் ஒரு பங்கு கொடுக்கிறீர்கள், அதை மறைக்கவில்லை.

புதியது பழையதை விழுங்கிவிடும் என்ற கவலையும் வேண்டாம். சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிச்சலின் கையேடு கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் முதன்முதலாக 2022 டிசம்பரில் வெளியானபோது, டெவாகானுக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. ஜார்ஜ்டவுனில் பழைய முறையில் ஞோஞா சமையல் செய்யும் 'ஆன்ட்டி கைக் லியன்' உணவகத்துக்கும் அதே ஒரு நட்சத்திரம். அடுத்த பதிப்பில் டெவாகான் இரண்டு நட்சத்திரங்களுக்கு உயர்ந்தது.

அடுத்த முறை மகன் அழைத்தால் தயங்காமல் போய் வாருங்கள். பரிமாறுபவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இதில் புளிப்பு எதிலிருந்து வருகிறது, தம்பி?" ஊரும் பொருளும் செய்முறையும் சொல்லித் தெளிவான பதில் வந்தால், கொடுத்த காசுக்கு நியாயம் உண்டு. பேச்சு தட்டின் அழகைத் தாண்டவில்லை என்றால், உங்கள் சந்தேகம் சரியென்று வைத்துக்கொள்ளலாம்.