'லெட்' என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்தில் 'லெட்' என்பது இசைவு தருதலைக் குறிக்கும் எளிய சொல்லென்றே யாம் இளமையிற் பயின்றோம். அப்பொருளையே கைக்கொண்டு 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தை வாசிப்போர், ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் இடர்ப்படுவர். ரோமாபுரிக்கு வரப் பலமுறை எண்ணியும் இதுகாறும் 'லெட்' செய்யப்பட்டதாகப் பவுல் அப்போஸ்தலர் அங்கே எழுதுகின்றார். இசைவு பெற்றவர் செல்லாதிருந்தது யாது காரணம்? நம் தமிழ் வேதாகமத்தை நோக்கின், அவ்விடத்துத் 'தடை' என்னுஞ் சொல் நிற்கின்றது; ஐயம் அகல்கின்றது.

இதனைப் பலபொருள் ஒருசொல் எனக் கூறி அமைதல் எமக்கு உடன்பாடன்று. பழைய ஆங்கிலத்தில் 'லேட்டன்' என்பது விடுதல். 'லெட்டன்' என்பது தடுத்தல். வெவ்வேறாய் வழங்கிய இவ்விரு வினைகளும், ஈறு கெட்டு, முன்னதன் நெட்டுயிர் குறுகவே, ஒரே வடிவின ஆயின. மிகப் பழைய நிலையில் இரண்டும் ஓரடியிற் கிளைத்தவை என்பர் மொழிநூலார், அஃது நிற்க.

ஆவியைப் பின்தொடர முயன்ற ஹாம்லெத்து, தன்னைப் பிடித்து நிறுத்திய தோழரை அச்சுறுத்துமிடத்து, ஷேக்ஸ்பியர் ஆண்டதும் தடுத்தற் பொருளையே. விடுத்தலும் தடுத்தலும் ஓரொலியில் நின்றால் எது நிலைக்கும்? தடுத்தலே தளர்ந்தது. 1881-இல் திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு, ரோமர் நிருபத்தில் அச்சொல்லை நீக்கி, ஐயத்திற்கிடமற்ற வேறு சொல்லை அமைத்தது.

எனினும் அது முற்றும் மாய்ந்திலது. உடையவரைத் தடையின்றிச் செல்ல விடுமாறு வேண்டும் நம் நாட்டுக் கடவுச்சீட்டின் ஆங்கில வாசகத்தில், தடையைக் குறிப்பது இச்சொல்லே. டென்னிஸ் ஆட்டத்தில், முதலடியிற் பந்து வலையைத் தீண்டி உரிய கட்டத்தில் வீழின் 'லெட்' என்பதும் வலை தடுத்தமை பற்றியே. மீண்டும் அடிக்க விடுவதால் அஃது இசைவே என வாதிடும் நண்பர் சிலர் எம் விடுதியில் உளர்.