கடலைப் படிக்க வந்த உனக்கு

மேல்நிலை வகுப்பில் சுற்றுச்சூழல் அறிவியல் எடுத்திருக்கிறாய், அதில் கடலும் ஒரு பாடம் என்று கேள்விப்பட்டதும் மனம் நிறைந்தது, கண்ணு. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு, பெருங்கடலின் சராசரி ஆழம் ஏறக்குறைய 3,700 மீட்டர், பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதையெல்லாம் உன் ஆசிரியர் சொல்லிக்கொடுப்பார். கரையிலும் படகிலுமாக வாழ்நாளைக் கழித்தவன் என்ற உரிமையில் வேறு சிலவற்றை நான் சொல்கிறேன்.

1. கரையில் நடப்பதற்குக் காரணத்தைக் கரையில் மட்டும் தேடாதே. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் கள்ளக்கடல் என்று ஒன்று வரும். காற்று இருக்காது, வானம் தெளிந்திருக்கும். கடல் மட்டும் திடீரென்று பொங்கித் தெருவுக்குள் ஏறும். அந்த அலைகள் பிறந்த இடம் இந்தியப் பெருங்கடலின் தென்கோடி. அண்டார்டிகாவை ஒட்டிய கடலில் வீசிய புயல் எழுப்பிவிட்ட நெட்டலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து கரையேறுகின்றன. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோயிற்று. எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்தது. வளர்ந்து ஆளாகி, படிப்பை முடிக்கிற தறுவாயில் இருந்த பிள்ளைகள். அதை நினைக்கும்போதெல்லாம் உன்னைப் போன்றவர்கள் முகம்தான் எனக்குத் தெரிகிறது. கடலுக்குக் கிளம்பும் முன் ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் அறிவிப்பைப் பார். எவ்வளவு நல்ல ஆய்வானாலும் தனியாகத் தண்ணீரில் கால் வைக்காதே.

2. அளவை எழுதும்போது, அதை எப்படி எடுத்தாய் என்பதையும் எழுது. இதை நான் ஓயாமல் சொல்வேன், காரணம் இருக்கிறது. அந்தக் காலக் கப்பல்களில் கடல்நீரின் வெப்பநிலையை அறிய வாளியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். மேலே தூக்குவதற்குள் காற்றுப் பட்டு, கொஞ்சம் ஆவியாகி, வாளித் தண்ணீர் சற்றே குளிர்ந்துவிடும். வேறு கப்பல்களில் இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே வரும் நீரில் அளந்தார்கள். அது சற்றுச் சூடாகக் காட்டும். இரண்டாம் உலகப் போரின்போது பெரும்பாலான அளவுகள் அமெரிக்கக் கப்பல்களிலிருந்து, அந்த இயந்திர அறை வழியில் வந்தன. 1945ல் போர் முடிந்து பிரிட்டிஷ் கப்பல்களின் வாளி அளவுகள் மறுபடி வரத் தொடங்கியதும், உலகக் கடலே சட்டென்று குளிர்ந்துவிட்டதுபோலப் பதிவில் ஒரு சரிவு விழுந்தது. அந்தச் சரிவு அளந்த முறை மாறியதால் வந்தது என்பதை ஆய்வாளர்கள் 2008ல்தான் எடுத்துக்காட்டினார்கள். எத்தனை பேர் எத்தனை காலம் அந்தச் சரிவுக்குக் கடலிலேயே காரணம் தேடியிருப்பார்கள், பார். நீ வாளியில் நீர் எடுத்தால் உடனே நிழலில் வை. வெப்பமானியின் குமிழ் நீருக்குள் இருக்கும்போதே படி. இடம், மணி, வெயிலா மேகமா, பிளாஸ்டிக் வாளியா தகர வாளியா என்பதுவரை ஏட்டில் ஏறட்டும்.

3. பக்கத்தில் நிற்பவர் சொன்ன எண்ணுக்காக உன் எண்ணை மாற்றாதே. நீரின் தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டு உண்டு. 1865ல் அதைக் கடலில் இறக்கிப் பார்த்த இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கியின் பெயரால் செக்கித் தட்டு என்கிறார்கள். அளவுக் குறியிட்ட கயிற்றில் கட்டி, படகின் நிழல் விழும் பக்கமாக இறக்கவேண்டும். தட்டு மறையும் ஆழம் ஒன்று, மேலே இழுக்கும்போது மீண்டும் கண்ணுக்குப் படும் ஆழம் ஒன்று. இரண்டின் சராசரியே அளவு. எங்கள் ஆசிரியர் படகில் இரண்டு பேரைப் பார்க்கச் சொல்வார். இருவரும் எழுதி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. எண்கள் வேறுபட்டால் இரண்டும் ஏட்டில் இருக்கும், சிறியவன் பெரியவன் என்ற பேச்சே கிடையாது. இந்தத் துணிவு பள்ளி வயதிலேயே பழகவேண்டிய ஒன்று. அளக்க முடியாமல் போன கட்டத்தைக் காலியாக விடு. தவறாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடி. அழிப்பானைக் கரைக்கு எடுத்துப் போகாதே.

4. மீனவரிடம் போ, போகும் வேளையை அறிந்து போ. ராமேசுவரம் தீவில் வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வெறும் பேச்சு என்று தள்ளிவிட்டுப் போகாதே, உட்கார்ந்து கேள். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும்; ஆழம் குறைந்து, நிலமும் தீவும் அணைத்திருக்கும் வடக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை மாறும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களில் திசையும் பருவமும் சேர்ந்தே இருக்கின்றன. படகு கரை சேர்ந்து ஏலம் நடக்கும் நேரத்தில் குறுக்கே நின்று கேள்வி கேட்காதே, அது அவர்கள் வயிற்றுப்பாடு. பொழுது சாய்ந்து வலை சீர்செய்யும்போது பக்கத்தில் போய் உட்கார். சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரையும் உன் ஏட்டில் எழுது.

5. கடல் எல்லாம் ஒன்றுதானே என்று எண்ணிவிடாதே. அரபிக் கடலும் வங்கக் கடலும் ஏறத்தாழ ஒரே அட்சரேகைகளில் கிடக்கின்றன, குணமோ வேறு. அரபிக் கடலில் ஆவியாவது அதிகம், ஆற்று நீர் குறைவு; உப்பு 36 கிராம் வரை ஏறும். வங்கக் கடலில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் வந்து கொட்டுகின்றன. மழைக்காலம் முடியும்போது அதன் வடபகுதியில் மேல்நீரின் உப்பு 30க்கும் கீழே போகும். உப்புக் குறைந்த அந்த நீர், பாலின் மேல் படர்ந்த ஆடைபோல, கனத்த நீரின்மேல் மிதக்கிறது. காற்றால் அதைக் கீழ்நீரோடு எளிதில் கலக்க முடியாது. மேற்பரப்பில் சூடு தங்கிவிடும். புயலுக்கு அது தீனி. வீட்டிலேயே செய்து பார்: ஒரு கண்ணாடி டம்ளரில் உப்புக் கரைசல், அதன்மேல் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து மை கலந்த நல்ல தண்ணீரை மெல்ல வழியவிடு. பொறுமை இருந்தால் இரண்டும் தனித்தனியாக நிற்கும். அவசரப்பட்டால் கலங்கிவிடும், கொட்டிவிட்டு மறுபடி செய்.

6. ஓர் ஊரைக் காக்கும் முன் அடுத்த ஊரைப் பார். அலை சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையோரமாகவே நகர்கிறது. நம் கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் வடக்கு நோக்கிப் போகிறது. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டதும் அந்த வழி அடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. புதுச்சேரியிலும் துறைமுகத்துக்காகக் கல் அணை போட்ட பின் நகரத்துக் கடற்கரையின் மணல் போய்விட்டது. அரிப்பைத் தடுக்க இங்கே கல் கொட்டினால் அரிப்பு வடக்கே நகர்ந்து அடுத்த குப்பத்துக்குப் போகும். பின்னாளில் நீ அதிகாரியாகவோ பொறியாளராகவோ ஆகலாம். அன்று வரைபடத்தை விரிக்கும்போது, அதன் ஓரத்துக்கு அப்பால் இருக்கும் ஊரின் பெயரைக் கேள்.

7. சீக்கிரம் நம்பிக்கை இழக்காதே. மன்னார் வளைகுடாவில் கோடையில் நீர் மிதமிஞ்சிச் சூடேறினால் பவளங்கள் வெளுக்கின்றன. 2010லும் 2016லும் பெரிய அளவில் வெளுத்தன. பவளத்துக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகள் சூடு தாங்காமல் வெளியேறுவதே காரணம். வெளுத்தது செத்ததாகாது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். சூடு நீடித்தால் சாகும். ஆகவே ஒருமுறை பார்த்துவிட்டு எழுதாதே, திரும்பப் போய்ப் பார். அங்கே இருந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போயின. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையை வெட்டியெடுத்த காலத்தின் விளைவு அது. தூத்துக்குடிக்கு அருகே வான் தீவும் அதே வழியில் கரைந்துகொண்டிருந்தது. சுற்றிலும் செயற்கைத் திட்டுகளை இறக்கியதும் அரிப்பு தணிந்தது. அழிந்ததையும் பிழைத்ததையும் சேர்த்துச் சொல்லப் பழகு.

8. சிறிதாகத் தொடங்கு, விடாமல் செய். கடல் தொலைவில் இருந்தால் ஆர்கோ மிதவைகளைப் பார்: உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம்வரை இறங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து வெப்பத்தையும் உப்பையும் செயற்கைக்கோளுக்குச் சொல்கின்றன. அந்த அளவுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். கடலோரத்துப் பிள்ளையானால் ஓதத்தை அளந்து பார். படகுத்துறைத் தூண் ஒன்றில் அளவுக் குறியிட்டுக்கொள், முடிந்த நாளெல்லாம் நீர் மிக உயர்ந்த நேரத்தையும் மட்டத்தையும் எழுது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் ஓதம் சென்னையில் ஒரு மீட்டர் அளவுதான், அதனால் கவனமாகப் பார்க்கவேண்டும். நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவது உன் ஏட்டிலேயே தெரியவரும். பௌர்ணமியும் அமாவாசையும் என்றைக்கு என்று முன்கூட்டிப் பார்க்காதே. மாதம் முடிந்ததும் நாட்காட்டியை எடுத்து உன் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்.