‘ஹோம்-க்ரோன்’னு போட்டிருந்தா உடனே வாங்கிடாதே

செம்பூர் கடையில இப்ப எந்தப் பாக்கெட்டைத் தூக்கினாலும் ‘ஹோம்-க்ரோன்’னு பச்சை எழுத்து. கீரைக்குப் போட்டா சரி, சோப்புக்கும் போடறாங்க. கூடுதல் காசை எடுத்து நீட்டறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு, தங்கச்சி.

சொந்த மண்ணுல விளைஞ்சதுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். நல்லா விளைஞ்சதுன்னோ, மலிவுன்னோ அது ஒருநாளும் சொன்னதில்லை. இங்கிலாந்துல 1815லேர்ந்து 1846 வரைக்கும் தானியச் சட்டங்கள் இருந்துச்சு. வெளிநாட்டுக் கோதுமைக்கு வரி போட்டு, உள்ளூர்க் கோதுமையைக் காப்பாத்தினாங்க. அந்தச் சட்டங்களை வெச்சு நடந்த சண்டையில ரொம்ப அடிபட்ட வார்த்தை இந்த ‘ஹோம்-க்ரோன்’. லாபம் பண்ணைக்காரருக்கு, விலை ஏறின ரொட்டி கூலிக்காரருக்கு. இப்ப ஃபுட்பால் ஆட்டக்காரருக்கும் கம்பெனிக்கும்கூட அதே பட்டம்தான்.

நம்ம ஊர்ல இது வேற ரூபத்துல வந்துச்சு. 1942ல பர்மா ஜப்பான் கையில விழுந்ததும், அங்கேர்ந்து வந்துட்டிருந்த அரிசி நின்னுபோச்சு. அடுத்த வருஷமே பம்பாய்ல ரேஷன். ‘அதிக உணவு விளைவிப்போம்’ இயக்கமும் அந்த நெருக்கடியில பிறந்ததுதான். சுதந்திரத்துக்கு அப்புறமும் அது ஓடிச்சு. எவ்வளவு தூரம் பலிச்சுதுன்னு பார்க்க ஒரு குழு போட்டாங்க. தலைவர் யாரு தெரியுமா, நம்ம கரூர் பக்கம் வாங்கல்ல பிறந்த வி.டி. கிருஷ்ணமாச்சாரி. கிராமத்து வாழ்க்கையை மொத்தமா தூக்கிவிடாம விளைச்சலை மட்டும் தனியா ஏத்த முடியாதுன்னு 1952ல அறிக்கை கொடுத்தாங்க.

அந்த இயக்கத்தோட பேர்லதான் ரயில்வேயும் தண்டவாளத்து ஓரத்துக் காலி நிலத்தைத் தன் ஊழியர்களுக்குப் பயிர் செய்யக் கொடுத்துச்சு. லோக்கல்ல போறப்ப பார்த்திருப்பியே, பாலக், லால் மாட், முள்ளங்கின்னு பாத்தி பாத்தியா இருந்துச்சு. மும்பைக்குள்ளேயே விளைஞ்சது, இதைவிட ‘ஹோம்-க்ரோன்’ எது? ஆனா பல இடத்துல அதுக்குப் பாய்ஞ்சது நாலாத் தண்ணி, அதான் சாக்கடை. ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்களை இலைக்கீரை வேர் வழியா உள்ளே இழுத்து வெச்சுக்கும். உப்புத் தண்ணியில அலசினா மேல இருக்கிற அழுக்கு போகும், உள்ளே ஏறினது போகாது. அதனால பாஜிவாலாகிட்ட ‘எங்கே விளைஞ்சது’ன்னு கேட்டதோட நிறுத்தாதே. என்ன தண்ணின்னும் கேளு. பதில் சொல்ல முழிச்சார்னா அன்னிக்கு வெண்டைக்காய் வாங்கிக்கோ.

வீட்டுலயே வளர்க்கிறதுன்னா தக்காளி ஆசையை முதல்ல விடு. அதுக்குத் தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும். தாராவி சந்துக்குள்ள ஒரு மணி நேரம் விழுந்தாலே பெரிசு. உன் வீட்டுக்கு ஏத்தது வெந்தயக்கீரை. கடற்கரை மணல்ல வளர்த்து, சின்னச் சின்னக் கட்டா வேரும் மண்ணுமா விக்கிறாங்களே சமுத்திர மேத்தி, அதேதான். அஞ்சறைப் பெட்டி வெந்தயம் போதும். ராத்திரி ஊறப் போடு. அடியில ஓட்டை போட்ட ஸ்வீட் டப்பாவுல ரெண்டு விரல் உயரம் தேங்காய் நார்த்தூள் நிரப்பி, வெந்தயத்தை நெருக்கமா தூவு. கையால தெளிச்சா போதும், ஊத்தாதே. ரெண்டு இலை விரிஞ்சு ரெண்டு மூணு அங்குலம் வந்ததும் வெட்டிடு. உரமே வேண்டாம், விதைக்குள்ள இருக்கிற சத்துலயே வளர்ந்துடும். நம்ம செம்பூர் உரத் தொழிற்சாலையோட சுஃபலா மூட்டையைப் பார்த்து ஆசைப்படாதே, அது வயலுக்கு.

புதினாவுக்கு விதையே தேடாதே. வாங்கின கட்டுல தடிச்ச தண்டா நாலு எடுத்து, கீழ் இலையைக் கிள்ளிட்டு டம்ளர் தண்ணியில நிறுத்தி வை. வேர் விட்டதும் மண்ணுக்கு மாத்து. கொத்தமல்லி விதையை லேசா நசுக்கி ரெண்டா உடைச்சுப் போடணும். மே மாச வெக்கையில அதைப் போடாதே, இலை வர்றதுக்குள்ள பூத்துடும்.

கறிவேப்பிலைக்கு மட்டும் ஜன்னல்லயே வெயில் அதிகம் விழுற இடத்தைக் கொடு. நுனியைக் கிள்ளிக்கிட்டே இருந்தாத்தான் பக்கத்துல கிளைக்கும். பாவம் பார்த்து அப்படியே விட்டா ஒத்தைக் குச்சியா மேல போகும். ஜூன்ல மழை பிடிச்சதும் தொட்டியைக் கொஞ்சம் உள்ளே இழு. நம்ம ஊர் மழையில வேர் ஊறி அழுகிச் செத்த கறிவேப்பிலைதான் அதிகம். மண்ணுக்காக நாலா ஓரத்துல தோண்டப் போகாதே, நர்சரியில வாங்கு. தண்ணி வராத நாள்ல அரிசி கழுவின தண்ணி போதும், உப்பு சேராததா இருக்கணும்.

தொட்டியை கிரில்லுக்கு உள்பக்கமா கட்டு. வெளியே விளிம்புல வெச்சா, காத்தடிக்கிற நாள்ல கீழே போறவர் தலைக்கு ஆபத்து. தொட்டிக்கு அடியில இருக்கிற தட்டை வாரம் ஒரு தடவையாவது கவிழ்த்து, தேய்ச்சுக் கழுவிடு. டெங்கு கொசு முட்டை போடுறது தேங்கி நிக்கிற சுத்தமான தண்ணியிலதான், முட்டை பொரிஞ்சு கொசுவாக ஏழெட்டு நாளே போதும். மழைக்காலத்துல மாநகராட்சி ஆளுங்க வந்து தட்டைத் தூக்கிப் பார்ப்பாங்க. புழு நெளிஞ்சா நோட்டீஸ் உன் பேர்லதான் வரும்.