ரேடியேட்டர்க் குழாய் ஓடும்போது மட்டும் ஒழுகுவது ஏன்?

இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் தயாரிக்கப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. அவற்றுள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வைத்திருப்பவர்கள் பலர் தாமே பழுது பார்த்துக்கொள்ளும் பழக்கமுள்ளவர்கள். இத்தகைய பழைய கார்களில் வரும் தொல்லை ஒன்று உண்டு. காரை ஓட்டிவிட்டு வந்து, ஆறிய பிறகு பார்த்தால், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கிறது. ஆனால் எங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இரவு முழுவதும் காருக்கு அடியில் விரித்து வைத்த செய்தித்தாளும் நனையவில்லை. தண்ணீர் எங்கே போயிற்று?

இதற்கு விடை காண நீங்கள் வகுப்பில் படித்த இயற்பியலே போதும்.

எஞ்சினில் எரியும் பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நீர் ஏற்று வெளியே கொண்டு போகவேண்டும். சிலிண்டர்களைச் சுற்றியுள்ள உறையில் சூடேறிய நீர், மேல் குழாய் வழியாக ரேடியேட்டருக்குச் செல்கிறது. அங்கே காற்றுப் பட்டுக் குளிர்ந்து, கீழ்க் குழாய் வழியாகப் பம்பை அடைந்து மீண்டும் எஞ்சினுக்குள் நுழைகிறது. இவ்விரு குழாய்களும் ரப்பரால் ஆனவை. மெக்கானிக்குகள் இவற்றை 'ஹோஸ்' என்பார்கள். ஏன் ரப்பர்? எஞ்சின் இடைவிடாமல் அதிர்கிறது. ரேடியேட்டரோ காரின் உடலோடு பொருத்தப்பட்டது. இரண்டையும் உலோகக் குழாயால் விறைப்பாக இணைத்தால் அது விரைவில் விரிசல் விடும்.

இனி ரேடியேட்டரின் மூடியைக் கவனியுங்கள். அது வெறும் மூடி அன்று. சுருள்வில் வைத்த ஒரு வால்வு. சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு என்று குறித்த மூடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளிருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட அந்த அளவு, அதாவது சுமார் 70 கிலோபாஸ்கல், மிகும் வரை அது திறவாது. அழுத்தம் உயர்ந்தால் கொதிநிலையும் உயரும் அல்லவா? இந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 115° செ. வரை கொதிக்காது. வீட்டில் பருப்பு வேகவைக்கும் பிரஷர் குக்கரின் தத்துவமேதான் இது. குக்கரில் உணவு விரைவில் வேகவேண்டும் என்பதற்காகக் கொதிநிலையை உயர்த்துகிறோம். இங்கே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடாமல் இருக்க உயர்த்துகிறோம்.

ஆகவே ஓடும் காரின் ரப்பர்க் குழாய்க்கும், நிற்கும் காரின் ரப்பர்க் குழாய்க்கும் பெரிய வேறுபாடு உண்டு. கார் ஆறிக் கிடக்கும்போது குழாயில் இருப்பது தண்ணீரின் உயரத்தால் வரும் அழுத்தம் மட்டுமே. உயரம் 25 செ.மீ. என்றால் அழுத்தம் சுமார் 2.5 கிலோபாஸ்கல். ஓடும்போது அது 70 வரை ஏறலாம்.

குழாயில் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று விழுந்திருப்பதாகக் கொள்வோம். பாய்ந்து வெளியேறும் நீரின் திசைவேகம் √(2 × அழுத்தம் ÷ அடர்த்தி). 70,000 பாஸ்கலையும் 1,000 கி.கி./க.மீ. என்ற அடர்த்தியையும் இட்டுப் பாருங்கள்; நொடிக்கு ஏறக்குறைய 12 மீட்டர் வரும். துளையின் பரப்பால் பெருக்கி, வெளியேறும் நீர்த்தாரை சுருங்குவதற்காகப் பத்தில் ஆறு பங்கை மட்டும் எடுத்தால், நிமிடத்துக்குச் சுமார் 80 க.செ.மீ. நீர் போகிறது. எம்.ஜி.பி.யில் இருப்பது சுமார் ஐந்தரை லிட்டர். அழுத்தம் குறையாமல் நின்றால், குண்டூசி முனை போன்ற அந்தத் துளை ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதியை வெளியேற்றிவிடும்!

துளை இன்னும் சிறியதானால்? பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்போம். இங்கேதான் பரப்பு இழுவிசை வந்து நிற்கிறது. துளையின் வாயில் நீர் ஒரு சிறு குமிழ்ப்பரப்பாக நின்று தடுக்கிறது. அது தாங்கக்கூடிய அழுத்தம் 2 × பரப்பு இழுவிசை ÷ துளையின் ஆரம். சாதாரண வெப்பநிலையில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.07 நியூட்டன். கணக்கிட்டால் 2,800 பாஸ்கல் கிடைக்கும். குளிர்ந்த காரின் 2,500 பாஸ்கலை இது தாங்கிக்கொள்கிறது. ஒரு சொட்டும் விழாது. தவிரவும், அழுத்தம் இல்லாதபோது ரப்பர் சுருங்கி விரிசலின் உதடுகளை மூடிக்கொள்கிறது. ஓடும்போது விரிசல் விரிகிறது, நீர் சீறுகிறது, சூடான எஞ்சின் மேல் பட்டு ஆவியாகிறது, மிச்சத்தை விசிறிக் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. செய்தித்தாள் நனையாததன் காரணம் இதுதான்.

இங்கிலாந்தின் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்தால் கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருகி எஞ்சினையே பிளந்துவிடும். அதனால் தண்ணீருடன் எத்திலீன் கிளைக்காலைக் கலக்கிறார்கள். இதனால் பழுது பார்ப்பவருக்கு ஓர் அனுகூலம் உண்டு. நீர் ஆவியானாலும் சாயமும் பிற வேதிப்பொருள்களும் வெண்மையாகவோ பசுமையாகவோ கறையாகப் படிகின்றன. கறை இருக்கும் இடத்துக்கு அருகில்தான் கசிவு இருக்கவேண்டும் என்று நினைக்காதீர்கள். விசிறியின் காற்று அதைத் தொலைவில் கொண்டு போய்ப் படியவைத்திருக்கலாம்.

கசிவைக் கண்ணால் காண அழுத்தம் வேண்டும். 'அப்படியானால் எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, அருகில் குனிந்து பார்த்தால் போயிற்று' என்று தோன்றும். இதைவிட ஆபத்தான யோசனை இல்லை. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது அதனினும் கொடிது. மலைச்சாலையில் ஏறி வந்த காரில் 110° செ.இல் 5 கிலோகிராம் தண்ணீர் இருக்கிறது, மூடியைத் திறக்கிறீர்கள். அழுத்தம் விழுந்ததும் கொதிநிலை 100°க்கு இறங்கிவிடுகிறது. மிகுதியான 10 டிகிரிக்கு உரிய வெப்பம் 5 × 4.2 × 10 = 210 கிலோஜூல். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் தேவை. ஆகவே சுமார் 93 கிராம் நீர் அக்கணமே நீராவியாகிறது. அதன் கன அளவு 150 லிட்டருக்கும் மேல்! ரேடியேட்டரின் கழுத்தோ நம் கைவிரல் இரண்டு நுழையும் அளவே. அத்தனை ஆவியும் மீதிக் கொதிநீரைத் தள்ளிக்கொண்டு திறந்தவரின் கையிலும் முகத்திலும் அடிக்கிறது. இவ்விதம் வெந்துபோனவர்கள் எத்தனையோ பேர்.

சரி, வழி என்ன? அழுத்தத்தையும் வெப்பத்தையும் பிரித்துவிடுவதுதான். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அழுத்தமானி உள்ள ஒரு கைப்பம்பைப் பொருத்துகிறார்கள். சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல அடித்து, மூடியில் குறித்த 10 பவுண்டுக்கு ஏற்றி நிறுத்துகிறார்கள். இப்போது ஓடும் காரின் அழுத்தம் இருக்கிறது. சுடும் நீர் இல்லை. முள் மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு உண்டு. விளக்கை வைத்துக்கொண்டு நிதானமாகத் தேடலாம். குற்றம் குழாயில் இல்லாமல் மூடியிலேயே இருப்பதும் உண்டு. சுருள்வில் தளர்ந்த மூடி முன்னதாகவே திறந்துவிடும். அதையும் இதே பம்பால் தனியே சோதிக்கலாம்.

ரப்பர்க் குழாய் கெடும் விதங்கள் பல. காற்றிலுள்ள ஓசோன் வெளிப்புறத்தைத் தாக்கிச் சிறு வெடிப்புகளை உண்டாக்குகிறது. எஞ்சின் எண்ணெய் சொட்டினால் ரப்பர் ஊறிப் பருத்து மெத்தென்று ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாத கேடு உட்புறத்தில் நேர்வது. உலோகமும், உப்புகள் கலந்த நீரும், கார்பன் கலந்த ரப்பரும் சேர்ந்து ஒரு மின்கலம் போல் செயல்பட்டு, குழாயின் முனைகளுக்கு அருகில் உள்ளிருந்து நீளவாக்கில் கீறல்களை உண்டாக்குகின்றன. ஆறிய குழாயை முனையை ஒட்டி விரல்களால் கிள்ளிப் பார்த்தால், நடுப்பகுதியைவிட அங்கே குழைவாக இருப்பது தெரியும். அத்தகைய குழாய்க்கு மருந்து இல்லை, மாற்றவேண்டும்.

மாற்றும்போது முதலில் நீரை ஒரு பாத்திரத்தில் வடித்துக்கொள்ள வேண்டும். பழைய குழாய் ஒட்டிக்கொண்டிருந்தால் முறுக்கி இழுக்கக் கூடாது. அக்கால ரேடியேட்டரின் பித்தளைக் கழுத்து ஈயப்பற்றால் ஒட்டப்பட்டது. முறுக்கினால் பற்று விட்டுப்போகும். ஒரு ரூபாய்ச் சாமானைக் காப்பாற்ற நூறு ரூபாய்ச் சாமானை உடைத்த கதையாகும். ரப்பரைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுப்பதே முறை. பிறகு உலோகக் கழுத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்து, புதுக் குழாயைத் தண்ணீர் தொட்டுச் செருகவேண்டும். கிரீஸ் தடவலாகாது.

இனி கிளிப். திருகினால் பட்டை இறுகும் இந்தக் கிளிப்புக்கு 1921இல் காப்புரிமை பெற்றவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியாக இருந்த லம்லி ராபின்சன். திருகாணி ஒரு சுற்றுச் சுற்றினால் பட்டை ஒரு பல் அளவே நகர்கிறது. ஆகவே சிறு விசையால் பெரும் இறுக்கம் கிடைக்கிறது. அளவு மீறினால் பட்டை ரப்பரை வெட்டிவிடும். போதிய இறுக்கம் ஏன் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. உள்விட்டம் 3.2 செ.மீ. என்றால் பரப்பு 8 ச.செ.மீ. 70 கிலோபாஸ்கல் அழுத்தம் அந்த இணைப்பைச் சுமார் 56 நியூட்டன் விசையால் பிரிக்கப் பார்க்கிறது. ஐந்தரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டது போல!

நீரை மெதுவாக ஊற்றி நிரப்பவேண்டும். அவசரப்பட்டால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். ஹீட்டரின் வால்வையும் திறந்து வைப்பது நல்லது. பிறகு மீண்டும் கைப்பம்பால் அழுத்தி, முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கலாம்.

வேலை இத்துடன் முடிந்துவிடவில்லை. ரப்பர் உலோகத்தைவிடப் பன்மடங்கு அதிகமாக விரியும். சூடேறும்போது கிளிப்புக்கு உள்ளே அது நெருக்குண்டு, சற்றே நிலையாக நசுங்கிவிடுகிறது. ஆறிச் சுருங்கியதும் பிடி தளர்கிறது. அதனால் முதல் ஓட்டத்துக்கு மறுநாள் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, திருகாணியைத் தொட்டுப் பார்த்துச் சிறிது இறுக்கவேண்டும். வடித்து வைத்த பழைய நீரைத் திறந்து வைக்கக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு; நாயும் பூனையும் அதை நக்கிக் குடித்து இறந்துபோகும்.