திகைத்தவனை எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

கதை கிடைத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவும் பிளாஸ்க்கோடு அலையும் அத்தையும் நன்றாக வந்திருக்கிறார்கள். என் புகார் ஒரு வினைச்சொல்லின் மேல்தான். உன் ஆட்கள் பக்கத்துக்குப் பக்கம் திகைக்கிறார்கள். பில்லைப் பார்த்து அப்பா திகைக்கிறார். லிஃப்டுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே அத்தை திகைக்கிறாள். டாக்டர் சொன்னதைக் கேட்டு மகன் திகைத்துப் போகிறான்.

அப்பாவுக்கு வந்தது மலைப்பு. தொகையின் அளவைப் பார்த்து மனசு தளர்வது அது. அத்தைக்கு வெறும் குழப்பம். நர்ஸிடம் கேட்டால் தீர்ந்துவிடும். மகன் ஒருவன்தான் திகைத்தவன். அவனுக்கு யாரிடமும் கேட்க ஒன்றுமில்லை. அழுவதா, ஆத்திரப்படுவதா என்பதுகூட இன்னும் அவனுக்குள் முடிவாகவில்லை. தெற்கத்திப் பேச்சில் ‘விலை திகைஞ்சிருச்சு’ என்றால் பேரம் படிந்துவிட்டது என்று பொருள். திகைந்தது என்றால் முடிவானது. திகைத்தது என்றால் எதுவுமே முடிவாகாதது. உன் அப்பா பாத்திரம் நெல்லைக்காரர் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

திகைப்பூண்டு பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். காட்டில் அதை மிதித்தவனுக்குத் திக்குத் தெரியாமல் போய்விடும், ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவான் என்பது நாட்டு நம்பிக்கை. திசையைத் திகை என்று சொல்வதும் பழந்தமிழில் உண்டு. இரண்டுக்கும் வேர் ஒன்றா என்ற வழக்கை மொழியியலாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீ கவனிக்க வேண்டியது வேறு: பூண்டை மிதித்தவன் நிற்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறான். நீயோ மகனைச் ‘சிலையாய்’ நிறுத்திவிட்டாய். டாக்டர் போன பிறகும் அவன் மருந்துச் சீட்டோடு பார்மசி வரிசையில் போய் நிற்கலாம். இனி அந்த மருந்து தேவையில்லை என்பது அவனுக்கு எட்டவில்லை; வாசகனுக்கு எட்டிவிட்டது.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலை ஒருமுறை புரட்டிப் பார். எட்டு மெய்ப்பாடுகளில் மருட்கை ஒன்று. அறிவுக்குப் பிடிபடாத நிலை அது. அங்கே வியப்பும் மயக்கமும் இன்னும் பிரியவில்லை. அது பிறக்கும் இடம் நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஆக்கம் என்பதற்கு ஒன்று இன்னொன்றாக மாறுவது என்று உரை சொல்கிறார்கள். கதைக்காரர்களாகிய நாம் புதுமையையும் பெருமையையும் பிழிந்து தீர்த்துவிட்டோம். திடீர்த் திருப்பம், பேரிழப்பு, பெருவெள்ளம் என்று எத்தனை! சிறுமையைத் தொடுகிறவர் அபூர்வம். இறந்தவரின் சட்டைப்பையில் கிடக்கும் ஒரு பஸ் டிக்கெட் மனுஷனை உலுக்கிவிடும். தொல்காப்பியர் அதற்கும் இடம் வைத்திருக்கிறார் என்பதில் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடித்தது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சென்னைத் தெருவில் கடவுளே வந்து வழி கேட்கிறார். எந்தச் சுமாரான எழுத்தாளனும் அங்கே பிள்ளையைத் திகைக்க வைத்திருப்பான். பிள்ளையோ காப்பி குடிக்கக் கூட்டிப்போகிறார், தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா பிடிக்கப் பார்க்கிறார். திக்குத் தெரியாதவர் கடவுள். பிள்ளைக்கு எல்லாம் தெரிந்த ஊர். பாத்திரம் அசராமல் இருப்பதால்தான் படிக்கிற நாம் அசந்துபோகிறோம். பாத்திரமே திகைத்துத் தீர்த்துவிட்டால் வாசகனுக்கு என்ன மிச்சம்?

ஆகவே, பில் காட்சியில் ‘மலைத்தார்’ என்றுகூட மாற்றாதே. தொகையை மட்டும் எழுது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படிக்கட்டும். அத்தையிடமிருந்து அந்த வினையை மட்டும் எடுத்துவிடு, மற்றபடி அவள் சரியாகத்தான் இருக்கிறாள். மகன் காட்சியில் அந்த வினை ஒரே ஒரு தரம் வரட்டும், அதுவும் பார்மசி வரிசைக்குப் பிறகு. அங்கே அது இல்லாமலே நிற்கிறது என்று தோன்றினால் அதையும் அடித்துவிடு.

தலைப்பு ‘திகைப்பு’ என்றிருக்கிறது. அதையும் மாற்று.

அன்புடன்,
அண்ணன்